பொம்மை முதுகுல பேர் பொறிக்கற பேராண்டிக்கு

வாடா பேராண்டி, வா. பெங்களூரு எஸ்.பி. ரோட்டுல லேசர் மெஷின் வாங்கிட்டு வந்துட்டியாமே! சானமாவுல இருந்து பேரண்டபள்ளி வரைக்கும் இதே பேச்சு. பொம்மை மேல பேர் பொறிச்சுக் குடுக்கறியாம், கல்யாண ஜோடி பொம்மைக்கு ஒரு ரேட்டு, கார் டேஷ்போர்டுப் பிள்ளையாருக்கு ஒரு ரேட்டாம். மாட்டுக்கொட்டாய்ப் பக்கத்து ரூமுல கட்டிலை ஓரமா நகர்த்திட்டு மெஷினை வெச்சிருக்கியாம். எதிர்வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான்னு ஜன்னலைச் சாத்திட்டு, சீலிங் ஃபேனைப் போட்டுக்கிட்டு வேலை நடக்குதாம். ரொம்ப நல்ல ஏற்பாடு. காசு குடுத்து உண்டாக்கின புகை வெளிய போய் வீணாகலாமா? எல்லாத்தையும் நாமளே உள்ள இழுத்துக்கணும். சிக்கனம்னா இதுதான்.

நீ பகல்ல என்ன வேலை பாக்கறேன்னு எனக்குத் தெரியாதா? ஓசூர் சிப்காட்டுல மார்க்கிங் செக்‌ஷன். இரும்புப் பார்ட்டு மேல நம்பரும் கியூஆர் கோடும் அடிக்கற வேலை. அங்க மெஷின் ஒரு பெட்டிக்குள்ள இருக்கும். கதவைத் தொறந்தா இன்டர்லாக் பிடிச்சு லேசர் தானா நின்னுடும். மேல எக்ஸாஸ்ட் குழாய், வாசல்ல மஞ்சள் முக்கோண ஸ்டிக்கர். கண்ணாடி போடாம உள்ள காலை வெச்சா சூப்பர்வைசர் கேட்டு வரைக்கும் துரத்துவான். நீயும் ஷிப்டு பூரா சொன்னபடி கேக்கற. கம்பெனி பஸ்ல இருந்து இறங்கினதும் அதே வேலையைத் தொறந்து கெடக்கற மெஷின்ல, பனியனோட, பொம்மைக்கு முத்தம் குடுக்கற தூரத்துல குனிஞ்சு பண்ற. இதுல இருந்து எனக்கு ஒன்னு வெளங்குது. உன் கண்ணும் நுரையீரலும் கம்பெனிச் சொத்து. ஷிப்டு முடிஞ்சதும் கேட்டுலயே ஒப்படைச்சுட்டு வந்துடற. வீட்டுக்கு வர்றது பனியன் மட்டும்தான்.

தாத்தனுக்கு ராகி வெதைக்கவும் யானை வெரட்டவும்தான் தெரியும்னு நெனைக்கற. சிப்காட்டு வந்த புதுசுல ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் கொட்டாய்ல குருணை கொட்டினவன்டா நான். பேரல்ல பிவிசி கருகிப்போனா என்ன நாத்தம் வரும், அந்த ஆவி பட்ட டை எத்தனை நாள்ல துரு ஏறும்னு மூக்கும் கண்ணும் பாத்திருக்கு. இரும்பையே தின்னுச்சு அந்தக் காத்து. உன் நெஞ்சு அதைவிடக் கெட்டின்னா சொல்லு, நான் வாயை மூடிக்கறேன்.

முதல்ல அந்த வெளிச்சத்தைப் பத்திப் பேசுவோம். லேசர்ங்கறது நம்மாளுக்குத் தூரமான சமாச்சாரம் இல்ல. மகாராஷ்டிராவுல பாராமதியில 1938ல பொறந்த குமார் பட்டேல்தான் அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல இருந்தப்ப, 1964ல, கார்பன் டை ஆக்சைடு லேசரை உண்டாக்கினார். பெரிய கடைங்கள்ல அக்ரிலிக்கும் மரமும் வெட்டறது அந்த வகைதான். நீ வாங்கியிருக்கறது டயோடு லேசர், நீல வெளிச்சம், 450 நானோமீட்டர் சுமாருக்கு. பெட்டி மேல 10 வாட்டுன்னு போட்டிருக்கு. "10 வாட்டு பல்பு எவ்வளவு மங்கலா எரியும், இது என்ன பண்ணும்"னு உங்க அம்மாகிட்ட சொன்னியாம். வாத்தியார் போர்டுல காட்டற சிவப்பு லேசர் பேனா 5 மில்லிவாட்டுக்கு மேல போகக்கூடாதுங்கறாங்க. உன்னுது அதுல 2,000 பங்கு. அரை வாட்டைத் தாண்டினாலே அது நாலாம் வகுப்பு லேசர். உனக்கும் நாலாம் வகுப்புக்கும் எப்பவுமே ஆகாது, தெரியும். ஆனா இந்த நாலாம் வகுப்புல நேரா அடிக்கற வெளிச்சம் மட்டுமில்ல, பொம்மை மேல பட்டுச் செதறி வர்ற வெளிச்சமே கண்ணைக் கெடுக்கும்.

நீல வெளிச்சம் கண்ணுக்குள்ள நேரா போய் விழித்திரையில ஊசிமுனையாக் குவியும். நாம கண்ணை மூடறதுக்குக் கால் செகண்டு ஆகும், அதுக்குள்ள அங்க வேலை முடிஞ்சுடும். பளபளன்னு இருக்கற கறுப்பு ரெசின் பொம்மை வளைஞ்ச கண்ணாடிக்குச் சமம். எந்தப் பக்கம் திருப்பி அடிக்கும்னு அதுக்கே தெரியாது. மெஷினோட இலவசமா வந்த ஆரஞ்சுக் கண்ணாடியை நீ நெத்தியில ஏத்திவிட்டுக்கிட்டு ஃபோட்டோ எடுத்துப் போட்டிருக்க. அழகா இருக்க, கண்ணு படப்போகுது. அந்தக் கண்ணாடி ஃபிரேமைத் திருப்பிப் பாரு. எத்தனை நானோமீட்டர் வரைக்கும் தடுக்கும், தடுப்பு எண் என்னன்னு அச்சடிச்சிருக்கணும். 450 அதுக்குள்ள அடங்கணும். ஒன்னும் எழுதாத ஆரஞ்சுக் கண்ணாடி சந்தைக் கண்ணாடி. கம்பெனியில போடற கண்ணாடியைச் சுட்டுக்கிட்டு வந்துடலாம்னு நெனைக்காதே. அது 1064 நானோமீட்டருக்கு. உன் நீலத்தை அது வழிவிட்டு அனுப்பினாலும் அனுப்பும். கண்ணாடியைவிட நல்லது, மெஷினுக்கே மூடி போட்ட பெட்டி ஒன்னு வாங்கறது. மூடி தொறந்தா லேசர் நிக்கணும். ரூமுக்குள்ள பூனை வரும், உன் தங்கச்சி மகன் வருவான். அவனுக்கு யார் கண்ணாடி மாட்டறது?

சரி, கண்ணு ரெண்டு இருக்கு, ஒன்னு போனாலும் ஒன்னு மிச்சம்னு வெச்சுக்குவோம். மூச்சுக்கு வா. மரத்துல அடிச்சா மரப்புகை. பிளாஸ்டிக்ல அடிச்சா எந்தப் பிளாஸ்டிக்கோ அதோட புகை. உன் மெஷினுக்கு இது தெரியாது. எதை வெச்சாலும் "முடியாது"ன்னு சொல்லாத ஒரே வேலைக்காரன் அதுதான். அதனால வேண்டாம்னு சொல்ற வேலை உன்னோடது.

முதல் எதிரி பிவிசி. மினியேச்சர் பஸ்ஸு செய்யற பசங்க நம்ம பக்கம் நெறைய. அரசுப் பஸ்ஸு, டவுன் பஸ்ஸு, படிக்கட்டு, ரூட் போர்டு எல்லாம் அச்சா இருக்கும். கையெடுத்துக் கும்பிடணும் அந்தக் கைவேலையை. அதுக்கு வாங்கற வெள்ளைப் பலகையைக் கடையில சன்போர்டும்பான், ஃபோம் ஷீட்டும்பான். அது பெரும்பாலும் பிவிசிதான். கத்தியால வெட்டற வரைக்கும் அது சாது. "தாத்தா, லேசர் இருந்தா ஜன்னல் ஓட்டையெல்லாம் ஒரே நிமிஷத்துல வெட்டிடலாம்"னு நீ சொன்ன பாரு, அங்கதான் வெனை. பிவிசி எடையில நூத்துக்கு 57 பங்கு குளோரின். சூடு பட்டதும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக் கெளம்பும். ஈரம் பட்ட எடத்துல ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஆயிடும். ஈரம் எங்க இருக்கு? உன் மூக்குல, தொண்டையில, கண்ணுல. மிச்சம் மீதி மெஷினோட தண்டுல, பேரிங்ல, லென்சு மேல படிஞ்சு அரிக்கும். நீ கட்டற தவணை முடியறதுக்குள்ள மெஷின் முடிஞ்சுடும். யானை ராகிக்கொல்லையில எறங்கினா ஊரே தப்பட்டை அடிச்சு வெடி போட்டுக் கெளம்புது. இந்த வாயு எறங்கினா தப்பட்டை அடிக்க ஒருத்தனும் வரமாட்டான். ராத்திரி இருமல் வந்தப்புறம் "பனி ஒத்துக்கல"ன்னு மிளகு ரசம்தான் வைப்பாங்க.

வளையற ரப்பர் மாதிரி கைக்கு மெத்துன்னு இருக்கற பொம்மைங்களும் பெரும்பாலும் பிவிசிதான். அடியில முக்கோணத்துக்குள்ள 3ன்னு இருந்தா அது பிவிசி, கீழ வெச்சுடு. 6ன்னா பாலிஸ்டைரீன். 7ன்னா "மத்தது"ன்னு அர்த்தம், அதாவது ஒன்னும் சொல்லலைன்னு அர்த்தம். நெறைய பொம்மைக்கு எண்ணே இருக்காது. ஐஎஸ்ஐ முத்திரை இருக்கேன்னு வாதாடுவ. 2021 ஜனவரியில இருந்து பொம்மைக்கு அது கட்டாயம்தான். ஆனா அது கொழந்தை வெளையாடறதுக்குக் குடுத்த முத்திரை, நீ சுடறதுக்குக் குடுத்ததில்ல.

சந்தேகமா இருந்தா ஒரு சோதனை சொல்றேன், கையில காசு செலவில்ல. பெயில்ஸ்டீன்னு ஒரு வேதியியல்காரர் சொன்ன வழி. ஒரு சாண் செம்புக் கம்பி எடு. ஒயர்ல இருந்து உருவினதுன்னா மேல்தோலை ஒட்டாம சீவு, அந்தத் தோலே பிவிசி. நுனியை இடுக்கியில பிடிச்சு நெருப்புல பழுக்கக் காய்ச்சு. பச்சை நெறம் சுத்தமாப் போற வரைக்கும் காய்ச்சணும். அந்தச் சூட்டோட பொம்மையோட அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத மூலையில ஒரு தொடு. கம்பி நுனியில கடுகளவு ஒட்டும், அது போதும். திரும்ப நெருப்புக்குள்ள காட்டு. சுடர் பச்சையா எரிஞ்சா உள்ள குளோரின் இருக்குன்னு வெச்சுக்கோ. அந்த பொம்மைக்கு உன் மெஷின்ல எடமில்ல. வெட்டவெளியில, காத்துக்கு முதுகு காட்டி நின்னு பண்ணு. மோந்து பாக்காதே. இன்னொன்னு, பச்சை வராட்டி குளோரின் இல்லன்னு மட்டும்தான் அர்த்தம். அமிர்தம்னு அர்த்தம் இல்ல.

அமிர்தம் இல்லாத மத்த சரக்கையும் கேட்டுக்கோ. கப்பல், விமானம், டேங்குன்னு சட்டத்துல கோத்து வர்ற கிட்டெல்லாம் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். சூடு பட்டா உருகிக் கொழகொழன்னு ஆயி, கரி பறக்கும், ஸ்டைரீன் ஆவி வரும். 2020 மே 7 விடியக்காலையில விசாகப்பட்டினம் வெங்கடாபுரத்துல எல்ஜி பாலிமர்ஸ் ஆலையில இருந்து கசிஞ்சு 12 பேரைக் கொன்னது அந்த ஸ்டைரீன்தான். அது டேங்க் நெறைய இருந்தது, உன்னுது ஒரு இணுக்கு. நீ நாளைக்கே சாகமாட்ட, பயப்படாதே. தலைவலி, கண்ணெரிச்சல், வாந்தின்னு தவணை முறையில கட்டிக்கிட்டு வருவ. ஏபிஎஸ்ல ஸ்டைரீனோட இன்னும் ரெண்டு பேர் கூட்டு. அது எரிஞ்சா ஹைட்ரஜன் சயனைடும் சேரும்.

ரெசின்னா ஒரே சரக்குன்னு நெனைக்கற. ரெண்டு டப்பா கலந்து அச்சுல ஊத்தறதுல பாலியூரிதேன்னு ஒன்னு இருக்கு. மினியேச்சர் ஆளுங்களுக்கு ரொம்பப் பிடிச்சது, மூக்கு முழி எல்லாம் அச்சு அசலா விழும். அதைச் சுட்டா ஐசோசயனேட்டுங்க கெளம்பலாம். 1984 டிசம்பர்ல போபால்ல கெளம்பினது அந்த வம்சத்துல ஒருத்தர். மூச்சுக்குழாய்க்கு ஒருதரம் ஒவ்வாமை பிடிச்சா அப்புறம் துளி பட்டாலும் ஆஸ்துமா எழும்பும். மார்பிள் பொம்மைன்னு விக்கறதுல நெறைய, சுண்ணாம்புக்கல் பொடியைப் பாலியஸ்டர் ரெசின்ல கொழைச்சது. அதுலயும் ஸ்டைரீன் ஒளிஞ்சிருக்கு. 3டி பிரிண்டர்ல வர்ற ரெசின் பொம்மையைக் கழுவி, புறஊதா வெளிச்சத்துல நல்லா இறுக வெக்காம எடுத்தா, தொடறதுக்கே கையுறை வேணும். பிசுபிசுன்னு இருக்கறதைக் கொண்டுவந்து லேசர் அடிக்காதே. நூல்ல சுத்திப் பிரிண்ட் எடுக்கற பிஎல்ஏ பொம்மை 60 டிகிரியிலேயே தளர ஆரம்பிக்கும். பிள்ளையாருக்கு "ஓம்" போட உட்கார்ந்து தும்பிக்கையைக் காணாம அடிச்சுடுவ.

பழைய பொம்மைக்கு மேல பூசின பெயிண்டையும் நம்பாதே. வீட்டுப் பெயிண்டுல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல இருக்கக்கூடாதுங்கற விதி 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்தது. அதுக்கு முந்தின மஞ்சளும் செவப்பும் மேல லேசர் ஓட்டினா ஈயத்தைத் தூளாக்கி நீயே மூக்குல போட்டுக்கற.

"மாஸ்க் போட்டுக்கறேன் தாத்தா"ன்னு சொல்ற. கொரோனா காலத்துல வாங்கின என்95 இன்னும் ஆணியில தொங்குதுன்னு பாத்தேன். அது தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. புகையை முகத்துகிட்ட வர விடாம இழுக்கறதுதான் வைத்தியம். பெட்டியில இருந்து நாலு இஞ்ச் குழாய் போட்டு சுவரைத் தொளைச்சு வெளிய விடு. இழுக்கற ஃபேனை மெஷின்கிட்ட வெக்காம குழாயோட வெளிமுனையில வை. அப்ப குழாய்ல எங்க ஓட்டை இருந்தாலும் ரூம் காத்துதான் உள்ள போகும், புகை ரூமுக்குள்ள வராது. எதிர்ப்பக்கம் காத்து உள்ள வர ஒரு சந்து விடு. வேலை முடிஞ்சப்புறமும் கொஞ்ச நேரம் ஃபேன் ஓடட்டும். குழாய் வாயை மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் திருப்பாதே, மாடு உன்கிட்ட ஆர்டர் குடுக்கல. பக்கத்துல ரோஜா பாலிஹவுஸ் வெச்சிருக்கவன் எல கருகினா உன் மெஷினைத்தான் முதல்ல பிடுங்குவான். கரித்தூள் ஃபில்டர் நல்லதுதான், ஆனா அது நெறைஞ்சு போனா மாத்தணும். மாத்தாத ஃபில்டர் சாமி படம்.

அப்புறம் தீ. அக்ரிலிக் உருகினா வர்ற ஆவியே பத்திக்கும். பத்தின சுடர் நீலப் புள்ளியோட சேர்ந்து மெதுவா ஊர்ந்துக்கிட்டே போகும். மெஷின் தன் வேலையை விடாமப் பாக்கும். "அது பாட்டுக்கு ஓடட்டும், ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேன்"ங்கற பேச்சு இருக்கு பாரு, அதுக்கப்புறம் கடை, கட்டில், ரூம் எல்லாமே ஓடிடும். பக்கத்துல கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் ஒன்னு வை. எட்டற தூரத்துல சுவிட்சு. முதல்ல கரண்டை நிறுத்து, அப்புறம் அணை. அடித்தட்டுல சேர்ற துண்டு துணுக்கை அன்னன்னிக்கே கூட்டு. ஸ்பிரிட் பாட்டிலை மெஷின் மேல சாத்தி வெச்சிருக்கறதை எடுத்துடு, அதுக்கு அங்க காவல் வேலை ஒன்னுமில்ல.

இவ்வளவும் கேட்டுட்டு, "அப்ப தொழிலையே விட்டுடட்டுமா?"ன்னு மூஞ்சியைத் தூக்கிக்கற. விடச் சொல்லலடா. வேலையை எடம் மாத்தச் சொல்றேன். பேர் பொம்மை மேலதான் இருக்கணும்னு எந்தக் கல்யாண மாப்பிள்ளை கேட்டான்? வளைஞ்ச முதுகுல எழுதினா லேசர் முனை நாலு மில்லிமீட்டர் விலகறதுக்குள்ள எழுத்து மங்கிப்போகும். "கார்த்திக்"ல "க்"கு இருக்காது. பொம்மையைத் தொடாதே. அடிப்பீடத்தைப் பண்ணு. நல்ல மரத்துண்டு ஒன்னு எடுத்து, அதுல பேரை அடி, பொம்மையை மேல ஒட்டு. சன்னபட்ணத்துக்காரங்க வெட்பாலை மரத்தைக் கடைஞ்சு அரக்குப் பூசிப் பொம்மை பண்ணி உலகத்துக்கே விக்கறாங்க, மரம்னா மட்டம்னு யாரும் சொல்லல. எம்டிஎஃப்னு கடையில தள்ளிவிடற பலகையில பசை இருக்கு, அதோட புகையும் எரிச்சல்தான், எக்ஸாஸ்ட் ஓடட்டும். பளபளப்பு கேக்கறவனுக்குச் சாயம் ஏத்தின அலுமினியத் தகடு இருக்கு, உன் டயோடுக்கு அது நல்லாவே மசியும்.

அக்ரிலிக் வேணும்னா வார்ப்பு அக்ரிலிக்னு கேட்டு வாங்கு. கார்பன் டை ஆக்சைடு லேசர்ல அது பனி படிஞ்ச வெள்ளையா எழுத்து எடுக்கும். பிதுக்கிச் செஞ்ச மலிவு ஷீட்டுல உருகி வழிஞ்சு ஒட்டும். உன் நீல லேசர் தெளிஞ்ச அக்ரிலிக் வழியா ஊடுருவிப் போயிடும், கண்ணாடி ஜன்னல்ல வெயில் போற கதைதான். கறுப்பு ஷீட்டா எடு. எதுவானாலும் பவரைக் கொறை, வேகத்தைக் கூட்டு, ஒரே அடிக்குப் பதிலா ரெண்டு ஓட்டம் ஓட்டு. காகித டேப்பு ஒட்டி அடிச்சா ஓரத்துல புகைக்கறை படியாது. கிட்டு பொம்மைதான்னு ஒருத்தன் அடம் பிடிச்சா, அதோட வர்ற சட்டம் அதே பிளாஸ்டிக்தானே? எக்ஸாஸ்டைப் போட்டு அதுல ஒரு எழுத்து அடிச்சுக் காட்டு. உருகினதைப் பாத்தா அவனே "பீடத்துலயே போடுங்கண்ணே"ம்பான். அதுக்கும் மசியாதவனுக்கு நல்ல பிரஷ்ஷும் பெயிண்டும் இருக்கு. அதுக்குக் கரண்டு பில்லும் இல்ல.

ஆர்டர் வாங்கறப்ப தேதி கேக்கற, அட்வான்ஸ் கேக்கற, ஜிபே நம்பர் குடுக்கற. "இது என்ன சரக்கு?"ன்னு மட்டும் கேக்கறதில்ல. இனிமே அதை முதல்ல கேளு. தெரியாதுன்னு சொன்னா பீடத்துக்கு மட்டும் காசு வாங்கு. கோவிச்சுக்கிட்டுப் போனா போகட்டும். ஓசூர்ல இன்னொருத்தன் ஜன்னலைச் சாத்திட்டு உக்காந்திருப்பான், அவனுக்கும் பொழப்பு வேணுமில்ல.

ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் உன் கட்டிலுக்கடியில வந்து பாக்கப் போறதில்ல. அதனால அந்த வேலையை நான் எடுத்துக்கறேன், சம்பளம் வேண்டாம். நாளைக்குச் சுவர்ல ஓட்டை விழுந்திருக்கணும், குழாய் மாட்டியிருக்கணும், கண்ணாடி நெத்தியில இருந்து கண்ணுக்கு எறங்கியிருக்கணும். அப்புறம் எனக்கே ஒரு ஆர்டர் இருக்கு. மர பீடத்துல ஒரு ஆனைக்குட்டி, கீழ என் பேரு. முழுக் காசு குடுக்கறேன்.

அது இல்லாம ஜன்னலைச் சாத்திக்கிட்டுத்தான் பண்ணுவேன்னா உன் இஷ்டம். ஆனா ஒன்னு தெரிஞ்சுக்கோ. நம்ம கிருஷ்ணகிரி ஜில்லா பூரா நடுகல்லா நிக்குது. மாடு மீக்கப் போய்ச் செத்தவனுக்கு ஒன்னு, புலியைக் குத்திச் செத்தவனுக்கு ஒன்னு. பிளாஸ்டிக் பொம்மைப் புகையை மோந்து செத்தவனுக்கு ஊர்ல எவனும் கல்லு நட்டதில்ல. உனக்காகப் புதுசா ஆரம்பிப்பாங்கன்னு எதிர்பாக்காதே.